நாலு வயது மகளுக்குத் தமிழ் வாசிக்கப் பழக்க என்ன விளையாட்டுச் சாமான் வாங்கலாம்?

பவானிக்கரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு நாலு வயது முடிந்துவிட்டது, எல்கேஜி போகிறாள். பள்ளிக்கூடத்தில் எல்லாமே ஆங்கிலம். வீட்டில் நாங்கள் பேசுவது முழுக்கத் தமிழ்.

அ, ஆ, இ, ஈ பாட்டை ராகம் போட்டு ஔ வரைக்கும் தடங்கலே இல்லாமல் பாடுவாள். ஆனால் 'இ'யை மட்டும் எழுதிக் காட்டி இது என்ன என்று கேட்டால், மறுபடியும் 'அ'விலிருந்து பாடிக்கொண்டு வருகிறாள். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்க்கிறாள். ஈரோடு போகும் வழியில் பஸ் போர்டைக் காட்டி, தெரிந்த எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று கேட்பேன். ஒன்றும் வராது.

அவளுடைய மாமா ஒரு பேசும் போர்டு வாங்கி வந்தார். பொத்தானை அமுக்கினால் எழுத்தைச் சொல்லும், இன்னொரு பொத்தானில் பாட்டு வரும். பாட்டுப் பொத்தான் எது என்று நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாள். எழுத்துப் பொத்தான் பக்கமே போவதில்லை.

கடையிலும் ஆன்லைனிலும் தேடிப் பார்த்தேன். உயிரெழுத்துகளைப் பொருத்துகிற மரப்பலகை, காந்த எழுத்து, படம் போட்ட அட்டைகள், புத்தகத்தில் வைத்தால் பேசுகிற பேனா என்று நிறைய இருக்கின்றன. ஆயிரம் ரூபாய் வரை செலவு செய்ய முடியும். என் அத்தை, அதாவது மாமியார், "நாலு கோடு நோட்டு வாங்கிக் கொடு, தினம் ஒரு பக்கம் எழுதினால் தானாக வந்துவிடும்" என்கிறார். இவளோ பென்சிலைப் பிடித்த கொஞ்ச நேரத்திலேயே கை வலிக்கிறது என்கிறாள்.

எதை வாங்கலாம், எதை விடலாம்? எந்த எழுத்திலிருந்து ஆரம்பிப்பது? இன்னொன்று, அவளுக்குப் பத்து மாதத் தம்பி இருக்கிறான். தரையில் கிடப்பதை எல்லாம் வாயில் வைக்கிற வயது. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

---

கோவை மோல்டிங் பதில்:

எழுத்து சொல்லித்தருவது பற்றி விவரம் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள். கைக்குழந்தை இருக்கிற வீடு என்பதால் நான் வேறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் மோல்டிங் வேலையில் இருப்பவன் நான்.

காந்த எழுத்து வாங்குவதாக இருந்தால், எழுத்தின் பின்பக்கம் முழுக்கக் காந்தத் தாளாக இருப்பதை வாங்குங்கள். சில மலிவான செட்டுகளில் பொட்டு மாதிரி ஒரு குட்டிக் காந்தத்தைப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். ரெண்டு தடவை கீழே விழுந்தால் அது தனியாக வந்துவிடும். ஒரு குழந்தை அப்படி ரெண்டு காந்தத்தை விழுங்கிவிட்டால், குடலுக்குள் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு நடுவில் மாட்டிய குடல்சுவரையே ஓட்டை போட்டுவிடும். அறுவை சிகிச்சை வரைக்கும் போகும். பேசும் போர்டில் பட்டன் பேட்டரி இருந்தால், அதன் மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் ரெண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும்.

2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்கிற சாமான் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. பெட்டியில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 3 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கான சாமானைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு சின்ன உருளை வைத்திருப்பார்கள். அதற்குள் முழுசாக அடங்குகிற துண்டு எதுவும் அந்த வயதுக்கு ஆகாது. வாட்டர் பாட்டில் மூடி அதற்குள் அடங்கிவிடும். அக்கா விளையாடி முடித்ததும் எல்லாம் மூடி போட்ட டப்பாவுக்குள் போய், டப்பா மேல் அலமாரிக்குப் போய்விட வேண்டும்.

---

திண்டுக்கல் டீச்சரம்மா பதில்:

பவானித் தங்கச்சிக்கு,

அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் சாயங்காலமானால் தெருப் பிள்ளைகள் எங்கள் வீட்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்துவிடும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், நிதானமாகப் படியுங்கள்.

மகள் நன்றாகத்தான் இருக்கிறாள், கவலைப்படாதீர்கள். அ முதல் ஔ வரை அவளுக்கு அது ஒரே நீளப் பாட்டு. அதற்குள் பன்னிரண்டு தனித்தனி எழுத்து இருப்பது அவளுக்கு இன்னும் தெரியாது. அதைப் பிரித்துக் காட்டத்தான் சாமான் வேண்டும்.

கடையில் கிடைக்கிற தமிழ்ச் சாமானில் எனக்குத் தீராத மனக்குறை ஒன்று உண்டு. பெரும்பாலும் பன்னிரண்டு உயிரெழுத்தோடு நின்றுவிடும். அ அம்மா, ஆ ஆடு, அதோடு சரி. நம் மொழியில் எழுத்து 247. அதில் 216 உயிர்மெய். ஒரு கதைப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கண்ணில் படுவது உயிர்மெய்யும் புள்ளி வைத்த மெய்யும்தான். உயிரெழுத்து அங்கங்கே சொல்லின் தொடக்கத்தில் மட்டும் தலைகாட்டும். 'ஔ' நாலு வயதுப் பிள்ளையின் பேச்சில் எங்கே வருகிறது? ஔவையாரை விட்டால் எனக்கு வேறு தோன்றவில்லை. 'ஃ' படிக்க எஃகு வரைக்கும் போக வேண்டும். பிள்ளை ஆசையாகக் கற்றுக்கொண்ட எழுத்தைப் புத்தகத்தில் தேடினால் கிடைக்க வேண்டும், அப்போதுதான் அடுத்த எழுத்துக்கு ஆசை வரும். பஸ் போர்டில் உங்கள் மகளுக்கு ஒன்றும் கிடைக்காததற்கு இதுவும் காரணம்.

எழுத்தைக் காட்டுவதற்கு முன்னால் சத்தத்தைப் பிரித்துக் கேட்கப் பழக்குங்கள். இதற்குக் கடைக்கே போக வேண்டாம். ஒரு துணிப்பைக்குள் மத்து, மணி, மஞ்சள் கிழங்கு, பந்து, பழம், பருப்பு டப்பா என்று போட்டு வையுங்கள். அவள் பார்க்காமல் கையை விட்டு ஒன்றை எடுத்துப் பெயரைச் சொல்ல வேண்டும். 'ம'வில் தொடங்குவது ஒரு தட்டுக்கு, 'ப'வில் தொடங்குவது இன்னொரு தட்டுக்கு. ரெண்டே சத்தம் போதும், மூன்றாவதைச் சேர்க்க அவசரமே இல்லை. பெயரைக் கைதட்டிப் பிரிப்பதும் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். த-வ-ளை, மூன்று தட்டு. ம-ரம், ரெண்டு தட்டு. தமிழில் எழுத்து பெரும்பாலும் தட்டுக்கு ஒன்றாகத்தான் வரும், புள்ளி எழுத்து மட்டும் முன்னால் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். காதுக்கு இது பிடிபட்டுவிட்டால் கண்ணுக்கு வேலை பாதியாகக் குறையும்.

சரி, எந்த எழுத்து முதலில்? நான் ட, ப, ம என்றுதான் தொடங்குவேன். கோடு எளிது, பிள்ளைக்குச் சட்டென்று வித்தியாசம் தெரியும். இதில் புள்ளியையும் துணைக்காலையும் 'இ'கரக் குறியையும் மட்டும் சேர்த்துப் பாருங்கள். படம், மடம், பட்டம், பாடம், மாமா, பாப்பா, டப்பா, மாடி, படி, மடி, பாட்டி எல்லாம் வந்துவிடும். மூன்றே எழுத்தில் அவளுக்குத் தெரிந்த வீடு முழுக்க வந்துவிட்டது பாருங்கள். பன்னிரண்டு உயிரெழுத்தையும் கற்றுக்கொண்டு இப்படி எத்தனை சொல் கட்ட முடியும்? இதோடு அவளுடைய பெயரில் இருக்கிற எழுத்துகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தன் பெயரைப் படிக்க ஆசைப்படாத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

இப்போது சாமானுக்கு வருகிறேன். ஹார்டுவேர் கடையில் 120 நம்பர் உப்புத்தாள் கேளுங்கள். 80 நம்பர் சொரசொரப்பு அதிகம், பிஞ்சு விரல் சிவந்துவிடும். எழுத்தை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக வெட்டி, பழைய காலண்டர் அட்டையில் ஒட்டுங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து, எழுதுகிற திசையிலேயே தடவ வேண்டும். தடவும்போதே 'ப' என்று சத்தத்தைச் சொல்ல வேண்டும். கை, கண், காது மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோம் நகரத்தில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இல்லத்தில் வளர்த்தெடுத்த முறை இது. அவர் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போர் வந்ததால் 1946 வரை நம் நாட்டிலேயே தங்க வேண்டியதாயிற்று. அதில் கொஞ்ச காலம் எங்கள் கொடைக்கானலில்தான் இருந்தார். எங்கள் மாவட்டத்தில் நடந்த விஷயம் என்பதால் எனக்கு அதில் தனிப் பெருமை. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் மணலைப் பரப்பி விரலால்தான் எழுத வைத்தார்கள். விரல் வழியாக எழுத்து உள்ளே போகும் என்பது நம் ஊருக்குப் புதிதில்லை.

அடுத்தது நகரும் பட்டை. நான் செய்து கொடுத்ததிலேயே பிள்ளைகள் சண்டை போட்டு வாங்குவது இதைத்தான். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 'ப' எழுதி, அதன் வலப்பக்கம் ஒரு ஜன்னல் வெட்டுங்கள். பின்னால் ஒரு நீளப் பட்டையைச் செருகி, அதில் குறிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். பட்டையை இழுத்தால் ப, பா, பி, பீ என்று மாறும். 'ப'வை எடுத்துவிட்டு 'ம' அட்டையில் செருகினால் ம, மா, மி, மீ. குறி ஒன்றுதான், எழுத்துதான் மாறுகிறது என்று பிள்ளைக்குத் தானே தோன்றும். அந்த நேரத்தில் நீங்கள் வாயே திறக்கக் கூடாது!

இதைச் செய்யும்போது சிலதைக் கவனியுங்கள். 'டி'யிலும் 'டீ'யிலும் குறி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் பட்டையில் சரியாக வராது. தனி அட்டையாக எழுதிவிடுங்கள். உகரமும் அப்படித்தான், பு ஒரு மாதிரி, மு வேறு மாதிரி, டு வேறு மாதிரி. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு இடப்பக்கம் வரும், ஆனால் சத்தம் எழுத்துக்குப் பிறகு வரும். பெ, பே படிக்கும்போது பல பிள்ளைகள் தடுமாறுவது இதனால்தான். 'பொ', 'போ'வில் ரெண்டு பக்கமும் குறி. இதையெல்லாம் பல மாதம் தள்ளிப் போடலாம். துணைக்கால் போட்ட எழுத்தும் இகரக் குறி போட்ட எழுத்தும் நன்றாகக் கைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆயிரம் ரூபாயை என்ன செய்வது என்று கேட்டீர்கள். ட, ப, ம போன்ற எழுத்துகளும் குறிகளும் தனித்தனியாக எடுத்து வைக்கிற மாதிரி மர எழுத்தோ காந்த எழுத்தோ கிடைத்தால் ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு எழுத்திலும் ரெண்டு மூன்றாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 'பாப்பா' எழுத முடியாது. கடைக்காரரிடம் இதைக் கேட்டே வாங்குங்கள். படம் போட்ட அட்டை வேண்டாம். அம்மா படத்தைப் பார்த்து 'அம்மா' என்று சொல்லிவிட்டுப் பிள்ளை போய்விடும், எழுத்தைப் பார்க்கவே பார்க்காது. பேசும் பேனாவும் வேண்டாம் என்பேன். அது நன்றாகப் பேசும், ஆனால் பிள்ளை பேசுவதைக் கேட்காது. மாமா ஆசையாக வாங்கித் தந்த போர்டை ஒதுக்க வேண்டாம். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து, 'ம' பொத்தானை அவள் அமுக்கினால் வீட்டுக்குள் 'ம'வில் தொடங்குகிற சாமானை ரெண்டு பேரும் ஓடிப்போய்த் தேடுங்கள்.

மீதிப் பணம் முழுக்கக் கதைப் புத்தகத்துக்கு. பக்கத்துக்கு ஒரு வரி, பெரிய எழுத்து, நல்ல படம். பிரதம் புக்ஸ் நடத்துகிற ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கும், நிலை ஒன்று என்று போட்டிருப்பதை எடுங்கள். மதுரைப் பக்கம் வந்தால் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பகுதிக்குக் கூட்டிப் போங்கள். 2023-இல் திறந்ததிலிருந்து நான் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகிறேன். தானே ஒரு புத்தகத்தை இழுத்து எடுக்கிற சந்தோஷத்தை முகத்தில் பார்க்கலாம்.

---

காரைக்குடி தாத்தா பதில்:

டீச்சரம்மா எழுதியது அருமை. நகரும் பட்டை என் பேரனுக்கும் செய்யப் போகிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை. சிலர் வீட்டுப் பரணில் பழைய மர எழுத்துக் கட்டைகள் இருக்கும். எங்கள் வீட்டிலும் என் தம்பி, தங்கைகள் விளையாடிய செட் இருக்கிறது. 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முந்தையது. அதில் ணை, லை, ளை, னை, ணா, றா, னா எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கின்றன, 'லை'க்கு யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி இருக்கும். குழந்தை அதைப் பார்த்துக் குழம்பும். அதைவிட முக்கியம், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வாயில் வைத்தால் மூளை வளர்ச்சிக்கே கெடுதல். பெயிண்டில் ஈயத்துக்குப் பத்து லட்சத்தில் 90 பங்கு என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அந்தக் கட்டைகளை நான் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டேன். பேரனுக்கு அரக்குச் சாயம் போட்ட சன்னபட்டணா மரச்சாமான் வாங்கிக் கொடுத்தேன்.

---

பவானிக்கரை பதில்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கோவை அண்ணா, போர்டைத் திருப்பிப் பார்த்தேன், மூடி ஸ்க்ரூ போட்டுத்தான் இருக்கிறது. டீச்சர், நேற்றே துணிப்பை விளையாட்டு ஆடினோம். 'பல்லி' என்று அவளாகவே சுவரைக் காட்டினாள். பையில் இல்லாததைச் சொன்னதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

ரெண்டு சந்தேகம். பள்ளியில் ஏபிசிடி வேறு ஓடுகிறது. ரெண்டையும் சேர்த்து நடத்தினால் குழம்புவாளா? அப்புறம், நோட்டு விஷயத்தில் அத்தையிடம் என்ன சொல்வது? அவர் மனம் நோகாமல் சொல்ல வேண்டும்.

---

கரூர் வாத்தியார் பதில்:

ஆங்கிலத்தைப் பற்றி நான் சொல்கிறேன். ரெண்டு மொழி எழுத்தும் பிள்ளைகளுக்குக் குழம்பாது. வேறு வேறு நேரம், வேறு வேறு டப்பா என்று வைத்துக்கொண்டால் போதும். ஆனால் ஆங்கில எழுத்துச் சாமான் வாங்கினால் சின்ன எழுத்தில் வாங்குங்கள். கடையில் அதிகம் கிடைப்பது பெரிய எழுத்துதான், புத்தகத்தில் இருப்பதோ முக்கால்வாசி சின்ன எழுத்து. எழுத்தின் பெயரை விடச் சத்தத்தை முதலில் சொல்லிக் கொடுங்கள். 'பி' (b) என்று பெயரைச் சொன்னால் 'பேட்' (bat) என்ற சொல்லைக் கூட்டிப் படிக்க வராது. சின்ன பி-யும் (b) டி-யும் (d) கண்ணாடியில் பார்த்த மாதிரி இருப்பதால் அந்த ரெண்டையும் ஒரே வாரத்தில் எடுக்க வேண்டாம்.

---

திண்டுக்கல் டீச்சரம்மா பதில்:

பல்லி! அது போதும் தங்கச்சி, காது திறந்துவிட்டது.

வாத்தியார் சொன்னது சரி. தமிழிலும் ஒரு எழுத்துக்கு ஒரே சத்தம் கிடையாது. 'கல்', 'பகல்', 'தங்கம்' மூன்றையும் சொல்லிப் பாருங்கள், 'க' மூன்று விதமாக ஒலிக்கும். சாமானோ ஒரு விதமாகத்தான் சொல்லும். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைக்கு இது சிக்கலே இல்லை. சொல் தெரிந்திருப்பதால் வாய் தானாகத் திருத்திக்கொள்ளும். அதனால்தான் கதையும் பேச்சும் வீட்டில் நிறைய இருக்க வேண்டும் என்கிறேன்.

அத்தை விஷயத்துக்கு என் யோசனை இது. எழுதப் பழக வேண்டும் என்று அவர் சொல்வது நியாயம். விரலுக்கு இன்னும் வலு வரவில்லை என்பதுதான் சங்கதி. எழுத்துப் பழக்குகிற பொறுப்பையே அவரிடம் கொடுங்கள். ஒரு தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, பேத்தியின் விரலைப் பிடித்து அவர் எழுத வைக்கட்டும். காலையில் கோலம் போடும்போது பக்கத்தில் உட்கார வைத்து நாலு புள்ளி, ஒரு வளைவு போடச் சொல்லட்டும். சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கொடுத்து 'ட' செய்யச் சொல்லட்டும். மாவைப் பிசைவது பிஞ்சு விரலுக்கு நல்ல பயிற்சி. கோலம் போட்டுப் பழகிய கைக்கு எழுத்தின் சுழி எளிதாக வரும். நோட்டும் வரட்டும், இன்னும் ஒரு வருஷம் கழித்து.

விளையாட்டு எப்போதும் கால் மணி நேரத்துக்குள் முடியட்டும். அவள் இன்னும் கேட்கும்போதே எடுத்து வைத்துவிடுங்கள். பல மாதம் விளையாடியும் முதல் சத்தத்தைப் பிரிக்க முடியவில்லை என்றாலோ, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றாலோ காதையும் கண்ணையும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் மகளுக்கு அது தேவைப்படாது, படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

---

பவானிக்கரை பதில்:

அத்தையிடம் பச்சரிசித் தட்டைச் சொன்னேன். "நான் சின்ன வயசுல மணல்லதான் எழுதினேன்" என்று உடனே தாம்பாளத்தை எடுத்துவிட்டார். உப்புத்தாளும் வாங்கியாயிற்று. 'ட'வை எங்கே ஆரம்பித்துத் தடவ வேண்டும் டீச்சர்? அத்தை ஒரு மாதிரி சொல்கிறார், என் கணவர் ஒரு மாதிரி சொல்கிறார்.

---

திண்டுக்கல் டீச்சரம்மா பதில்:

மேலிருந்து கீழே நேராக இறங்கி, விரலை எடுக்காமல் வலப்பக்கம் இழுக்க வேண்டும். அட்டையில் தொடங்குகிற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிடுங்கள், அவளே கண்டுகொள்வாள். 'ப'வும் 'ம'வும் அப்படித்தான், இடப்பக்க மேல் நுனியில் தொடக்கம்.